வேளைக்கு வந்திருந்தால்

"பிள்ளை, நான் வேளைக்கு வந்திருந்தா இது நெறிக்கு ஏறியிராதோ?" என்று, வெளிப் பிறப்புறுப்பில் புற்றுநோயோடு வந்திருந்த அந்த அம்மா கேட்டார். "அப்பிடிச் சொல்லேலாது அம்மா" என்றேன். அந்தப் பதில் இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை.

பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில் வரும் புற்றுநோயில் யார் தப்புவார் என்பதை முன்கூட்டிக் காட்டும் காரணிகளுள் கவட்டு நிணநீர்க் கணுக்களின், அதாவது அந்த அம்மா சொன்ன நெறிகளின், நிலையே தலையானது. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, தோன்றிய இடத்திலேயே நிற்கும் நோயில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். கணுக்களுக்கோ அயல் இழையங்களுக்கோ பரவியபின் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். புற்று 1 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் இறங்காதவரை அது கணுக்களை எட்டுவது மிக அரிது. அந்த அம்மாவின் அறிக்கையிலோ, ஒரு கணுவின் உறையைத் தாண்டிப் புற்று வெளியே வந்திருந்தது. புற்றின் பரவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் 2021ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டில் அது மூன்றாம் நிலையின் கடைசிப் படி.

கேள்வியைக் கேட்குமுன், சொப்பின் பையிலிருந்து சில களிம்புக் குழாய்களை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் பங்கசுக்கானவை, அடியிலிருந்து வாய்வரை இறுக்கமாகச் சுருட்டிப் பிழியப்பட்டிருந்தன. ஆனால் தோல் வெளுப்போடு அவருக்கு வந்திருந்த கடி, அதாவது அரிப்பு, பங்கசு அல்ல, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். அதைப் பெரும்பாலும் வீரியமான ஸ்டீரொயிட் களிம்பால் கட்டுப்படுத்தலாம். சிறு பங்கினருக்கே அது புற்றாக மாறும். பார்மசியில் ஆண்கள் நின்றால் எதைச் சொல்லி வாங்குவது என்று அவர் என்னிடம் கேட்டபோது, நான் பதில் சொல்லவில்லை.

என் பதில் பொய்யல்ல. பப்பிலோமா வைரஸ் சாராத, வயதானவர்களுக்கு வரும் இந்த வகை இயல்பிலேயே மூர்க்கமானது. சிறிய புற்றிலும் கணு பாதிக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். காரணிகள் நோயாளர் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, கதிரையில் இருக்கும் ஒருத்தியைப் பற்றியல்ல. ஆயினும், அதே கூட்டத்தைக் காட்டித்தானே ஊர் ஊராகப் போய் "வேளைக்கு வாங்கோ" என்று நாங்கள் சொல்கிறோம்? கதிர்ச்சிகிச்சை தொடங்கவிருந்த ஒருவரின் தலையில் பழியைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் அவருடைய தங்கை நின்றார். "பாத்தியே அக்கா, எப்ப வந்திருந்தாலும் இதுதான்" என்று தமக்கையின் தோளைத் தொட்டார். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. உண்மையில் அந்த ஆறுதலைக் கொடுத்தது என் வாக்கியமல்ல, தங்கை அதற்குக் கொண்ட பொருள்தான். அதைத் திருத்த வாயெடுத்தேன். ஆனால் திருத்தினால் தமக்கையிடமிருந்து அந்த ஆறுதலைப் பறித்ததாகிவிடுமென்று விட்டுவிட்டேன். வெளியே போகும்போது தங்கையிடம் தனியாக, கடியோ தோல் வெளுப்போ இருந்தால் உடனே காட்ட வேண்டுமென்றேன். "ஓம்" என்றார், எதற்கும் சொல்லும் அந்த ஓம்.

இன்று கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். தங்கையை மட்டும் முதலில் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட ஆளில்லாமல் உள்ளே வர அந்த அம்மா சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை.