ஈயம் ஒட்டாத வயர்

இடது பக்கம் ஊமையாகி இரண்டு வாரம் ஆன ஹெட்ஃபோன், சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு மறுபடி பாடியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், பெருமையடிக்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வாங்க 1500 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். அந்த விலையில் போட்டுப் பார்த்த இரண்டு மூன்றும் காதை நசுக்கின. என்னுடையது ஏழு வருஷப் பழசு, காதை முழுசாக மூடுகிற வயர் ரகம். கம்பெனி பெயர் வேண்டாம். காதுமேல் படுகிற மெத்தை, அதாவது பேட், உரிந்து காதோரமெல்லாம் கறுப்புத் துகள் ஒட்டும். "என்னங்க, காதுல கரி?" என்று மனைவி கேட்காத நாளில்லை. அது தோலே இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். ஈரமும் வியர்வையும் சேர்ந்து அதை அரித்துவிடும். நம்மூர்க் காற்றுக்கு அலமாரியில் சும்மா கிடந்தாலும் உரியும்.

முதலில் டிரைவருக்கு, அதாவது கப்புக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்கு, உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். இடது கப்பைத் திறந்து, மின்தடையை அளக்க ஓம்ஸில் வைத்த மல்டிமீட்டரால் தொட்டதும் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம், 33 ஓம். பெட்டியில் 32 என்று போட்டிருந்தது. ஆக, டிரைவர் நல்லது, கோளாறு வயரில். ஜாக்குக்கு (ஃபோனில் செருகுகிற முனை) ஒரு விரல் தள்ளி வளைத்தால் சத்தம் வந்து வந்து போனது. எப்போதும் அங்கேதானே அறும்! வெட்டிவிட்டுப் புது ஜாக் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

உள்ளே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, செம்பு நிறத்தில் இரண்டு. தலைமுடி போன்ற இழைகள், நடுவே நைலான் நூல். நிறமாகத் தெரிவதே எனாமல் பூச்சுதான். அது போகாமல் பற்றவைக்கிற ஈயம் ஒட்டாது. பிளேடால் சுரண்டினேன், பூச்சோடு இழையும் அறுந்து வந்தது. ஒரு சென்டிமீட்டர் காலி. லைட்டரில் காட்டினேன், செம்பு கருகி, ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் காலி.

சனிக்கிழமை நங்கநல்லூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. (ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்கணும்.) ஜாக் வாங்கின கடையில் புலம்பினேன். பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுரண்டாதீங்க தம்பி, கொளுத்தவும் வேணாம். ஈயத்துல குளிப்பாட்டுங்க" என்றார்.

குளிப்பாட்டுவது இப்படி. 25 வாட் சால்டரிங் அயர்னை நன்றாகக் காயவிட்டு, முனையில் மிளகளவு ஈயத்தை உருக்கி நிறுத்திக்கொள்ளணும். ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவுகிற பசை) தடவிய வயர் நுனியை அந்தத் துளிக்குள் விட்டு அப்படியே பிடிக்கணும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... ஒன்றும் நடக்காது. ஐந்து எண்ணும்போது லேசாகப் புகை, பச்சை பழுப்பாகும், வெட்டின நுனியிலிருந்து ஈயம் மெதுவாக மேலே ஏறும். நுனியில் மட்டும்தான் வெறும் செம்பு, அங்கே பிடித்துக்கொண்டு பூச்சைத் தள்ளிக்கொண்டே போகிறது. இத்தனை நாள் நான் இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுத்துக்கொண்டிருந்தேன். நைலான் நூலை முதலிலேயே நறுக்கிவிடுங்கள், உருகினால் ஈயமெல்லாம் அழுக்கு. ஜன்னலும் திறந்திருக்கட்டும், அந்தப் புகை ஆகாது.

பச்சை ஜாக்கின் நுனிக்கு, சிவப்பு நடு வளையத்துக்கு, செம்பு இரண்டையும் முறுக்கி அடிப்பாகத்துக்கு. மீட்டரில் இடது 33, வலது 32. நிமிர்ந்து பார்த்தால், வயரில் முதலில் கோத்திருக்க வேண்டிய ஜாக் மூடி மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வருஷமாக அயர்ன் பிடிக்கிற கை இது! எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி நாலு குளியல்.

அடுத்து பேட். அதே தெருவில் ஜோடி 280 ரூபாய். ஜாக் 40, ஃப்ளக்ஸ் 30. மொத்தம் 350. மிச்சப் பணத்தைப் பார்த்ததும் புத்தி அலைகிறது: இடது கப்பில் ஓட்டை போட்டு 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைப் பதித்துவிட்டால் வயரைத் தனியாகக் கழற்றிக்கொள்ளலாம். இனி இந்த எனாமலோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே இடம் போதுமா என்று ஸ்கேல் வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

சரி, பேடுக்கு வருகிறேன். இடது பக்கம் மாட்டிவிட்டு ஒரு மிருதங்கப் பதிவைப் போட்டேன். தொப்பியின் (மிருதங்கத்தின் இடது பக்கம்) கும்கி, அந்தக் கனத்த அதிர்வு, முழுக்க வலது காதுப் பக்கமாகவே சாய்ந்து கேட்டது. பழைய, உரிந்த பேடில் பேஸ் (கீழ்ஸ்தாயிச் சத்தம்) இருக்கிறது, புதிதில் இல்லை! வயரில்தான் ஏதோ தப்பு என்று அரை மணி நேரம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பேடின் விளிம்பு ஒரே ஓர் இடத்தில் பள்ளத்துக்குள் போகவில்லை. அந்த இடுக்கில் காற்று கசிந்தால் பேஸ் முதலில் போய்விடும். காலாவதியான ஏடிஎம் கார்டின் மூலையால் சுற்றி அழுத்தினேன், கும்கி நடுவுக்கு வந்தது.

அந்த உற்சாகத்தில் வலது பேடையும் இழுத்து மாட்டப் போய், விளிம்பு கிழிந்தது. இப்போது இடது காதில் புதுசு, வலது காதில் கரி. கடையில் ஒற்றையாகத் தரமாட்டார்களாம், ஜோடியாகத்தான் எடுக்கணும். வருகிற சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு, இன்னொரு 280.