ரிப்போர்ட்டின் கடைசி வரி

"அந்தக் கடைசி வரியை எடுத்துட்டு அனுப்புங்க மேடம்." ஐ.சி.யூ. டாக்டர் போனில் கேட்டது இவ்வளவுதான். லேபில் ரிப்போர்ட் எழுதுகிற நான் எடுக்கவில்லை.

நோயாளி நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர். டயாலிசிஸில் இருந்தார், காய்ச்சல் விடவில்லை, பிளட் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்பிய பீட்டா டி குளுக்கான் ரத்த டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ் எல்லையான 80-ஐத் தாண்டி எங்கோ நின்றது. 'டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பூஞ்சை இல்லாமலும் அளவு உயரலாம்' என்று கீழே சேர்த்திருந்தேன்.

"அது பழைய செல்லுலோஸ் ஃபில்டருக்கு. நம்ம யூனிட்ல பாலிசல்ஃபோன்."

"ஆல்புமின் டிரிப்பும் ஏத்தியிருக்கீங்களே டாக்டர்? அதாலயும் இந்த அளவு உயரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அந்த வரி உங்களைக் காப்பாத்தும். பேஷண்ட்டை?"

கோபம்தான் வந்தது. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள சர்க்கரையை அளக்கிற டெஸ்ட் அது. எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. 2021-இல் கருப்புப் பூஞ்சை வார்டை நிரப்பியபோது இந்த டெஸ்ட் கைகொடுக்கவில்லை. கருப்புப் பூஞ்சையான மியூக்கரில் அந்தச் சர்க்கரை அவ்வளவு கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வெறும் எண்ணை மட்டும் எப்படி அனுப்புவது?

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேண்டிடா என்ற பூஞ்சை உள்ளுறுப்புகளைத் தாக்கும் தொற்றில் ஏறக்குறைய பாதியைக் கல்ச்சர் தவறவிடுகிறது. வளரட்டும் என்று காத்திருந்தால் ஆள் இருக்க மாட்டார். ஐந்து வகை கேண்டிடாவை ரத்தத்திலிருந்தே சில மணி நேரத்தில் சொல்லும் டி2 டெஸ்ட்டுக்கு அமெரிக்காவில் 2014-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. எங்களுக்கு அது மாநாட்டு ஸ்லைடில் பார்த்த பழக்கம்தான்.

என் வரியைப் பொருட்படுத்தாமல் அன்று மாலையே மைக்காஃபன்ஜின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார். கழுத்து ரத்தக்குழாயில் செருகியிருந்த டியூபையும் (லைன்) மாற்றினார். காய்ச்சல் இறங்கியது. மருந்தாலா, லைனாலா? இரண்டையும் ஒரே நாளில் செய்தால் யார் சொல்வது? நோயாளியின் மகன் லேப் வாசலில் வந்து, "பூஞ்சைதானா மேடம்?" என்றான். "டாக்டரைக் கேளுங்க தம்பி" என்றேன். வேறென்ன சொல்வது.

அந்த வரியை இன்றும் எழுதுகிறேன். எழுதுமுன் ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டு, என்ன ஃபில்டர், டிரிப்பில் என்னென்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்போது சில சமயம் "எனக்கு நிஜமாவே பூஞ்சைன்னுதான் படுது, மருந்தை ஆரம்பிச்சிடுங்க" என்றும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.