நித்திய பூசைக்கு ஆள் இல்லை

எங்கட பக்கத்துக் கோயிலுகள்ல ஒரு விசயம் எல்லாருக்கும் தெரியும், ஆனா வாய்விட்டுச் சொல்லமாட்டினம். திருவிழா உபயத்துக்கு, அதாவது ஒரு நாள் திருவிழாச் செலவை ஏற்கிறதுக்கு, அடிபாடு. தேருக்கு ஒரு குடும்பம், தீர்த்தத்துக்கு ஒரு குடும்பம், பூங்காவனத்துக்கு லண்டன்ல இருந்து ஒருத்தர், இடையில வேற ஆரும் கேட்டா நிர்வாகசபைக் கூட்டத்தில சண்டை. கொடி இறக்கி அடுத்த கிழமை விளக்குக்கு எண்ணெய் வாங்க ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாம ஐயர் நிப்பார். நைமித்தியத்துக்கு, அதாவது விசேச நாள் பூசைக்கு, ஆள் இருக்கு, ஒவ்வொரு நாளும் செய்யிற நித்தியத்துக்கு இல்லை.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடு வீடாப் போற ஒரு சின்னத் தொண்டு அமைப்பில வேலை செய்யிறன். முள்ளந்தண்டில காயப்பட்டு இடுப்புக்குக் கீழ இயக்கமில்லாத ஆக்களின்ர வீடுகள் தான் என்ர பீல்ட். கனபேர் 2009ல செல்பட்ட ஆக்கள், கொஞ்சப்பேர் அதுக்கு முந்தின சண்டையள்ல, இப்ப புதுசா மரத்தால விழுந்தது, ஏ9 றோட்டில மோட்டச்சைக்கிள்ல அடிபட்டது எண்டும் வருகினம். இந்த வேலைக்கு வந்த பிறகு தான் அந்தக் கோயில் கணக்கு எங்கட தருமத்திலயும் அப்பிடியே கிடக்கெண்டு வடிவா விளங்கினது.

வெளிநாட்டில ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் எண்டா இங்க சிறுவர் இல்லத்துப் பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு, கேக், ஒரு பெனர், பிள்ளையள் வரிசையா நிண்டு போட்டோ. நல்ல விசயம் தான், நான் பிழை சொல்லேல்ல. ஆனா சனி ஞாயிறு எண்டா ஒரே நாளில ரெண்டு குடும்பம் சாப்பாடு குடுக்க நிக்கும், செவ்வாய்க்கிழமை பருப்பும் சோறும் தான். எங்கட ஆக்களுக்கு அதுவும் இல்லை, ஏனெண்டா அவைக்குத் தேவையான சாமான் ஒண்டும் போட்டோவில வடிவா வராது. கோஸ் எண்டுற புண் கட்டுற துணி, பிளாஸ்டர், புண் கழுவுற சேலைன், கதீற்றர் எண்டுற மூத்திரக் குழாய், யூரின் பைக், பெரியாக்களின்ர பம்பர்ஸ். ஒரு அண்ணை கனடாவில இருந்து எடுத்து "தம்பி, வீல்செயார் குடுப்பம், ஒரு பத்துப்பேரைக் கூப்பிட்டு ஒரு சின்ன நிகழ்வா வைப்பம்" எண்டார். எல்லாரிட்டயும் வீல்செயார் இருக்கண்ணை, ஒரு வருசத்துக்குக் கோஸ் வாங்கித் தாங்கோ எண்டன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர் இன்னும் யோசிக்கிறார்.

கோஸ் எண்டா என்ன பெரிய விசயம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒருக்கா படுக்கைப்புண்ணைப் பற்றிச் சொல்லோணும். நாங்கள் ஒரு கதிரையில இருந்தா எங்களை அறியாமலே அங்காலயும் இங்காலயும் அசைவம். உணர்ச்சி இல்லாத ஆளுக்கு அந்த அசைவு வராது, எலும்பு துருத்துற இடங்கள்ல, வால் எலும்படி, குதிக்கால், குந்துற எலும்பு, தோல் அமத்துப்பட்டு ரத்த ஓட்டம் நிண்டு அந்த இடம் செத்துப்போகும். படுக்கையில எண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிரட்டோணும், ராவிலயும் தான். முதல் அடையாளம் ஒரு சிவப்பு. விரலால அமத்தினா வெளிறித் திரும்பச் சிவந்தாப் பரவாயில்லை, அமத்தியும் வெளிறாம அப்பிடியே நிண்டா உள்ளுக்கு பழுதாகத் தொடங்கீற்றுது எண்டு அர்த்தம். எங்கட கறுத்தத் தோல்ல சிவப்புத் தெரியவும் மாட்டுது, அதால புறங்கையால தொட்டு அந்த இடம் மட்டும் சுடுதோ, இறுகிக் கிடக்கோ எண்டு பாக்கோணும். விட்டா புண் எலும்பு வரைக்கும் போகும். அது ஆற மாசக்கணக்கு, சில வேளை ஆறாமலே கிருமி ரத்தத்தில ஏறி ஆள் போயிடும். செல்லுக்குத் தப்பின ஆள் புண்ணால போறது எவ்வளவு கொடுமை.

2022ல ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில விசுவமடுப் பக்கம் ஒரு அண்ணையின்ர காத்து மெத்தை, மோட்டர் நிண்டவுடன காத்து இறங்கித் தட்டையாக் கிடந்தது. அண்ணி பகல் முழுக்கத் தோட்ட வேலைக்குப் போட்டு வந்து ராவில நித்திரையாகீற்றா, அவாவ என்னெண்டு குறை சொல்லுறது. நான் போக ஏற்கனவே வால் எலும்படியில கோழிமுட்டை அளவில திறந்திட்டுது. ஒட்டிக்கிடந்த பழைய கோஸில சேலைனை ஊத்தி ஊறவைச்சு மெல்ல மெல்ல உரிச்சு எடுக்கிறன், அந்த மணம் சொல்லத் தேவையில்லை. அண்ணைக்கு நோகாது. ஆனா அவர் ஒருக்களிச்சுப் படுத்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடியில என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். புண்ணைப் பாக்கேல்ல, என்ர முகத்தைத்தான். நான் எப்பிடிப் பாக்கிறன் எண்டதை வைச்சுத் தான் அவர் ஆழத்தைக் கணக்குப் போடுறார் எண்டு விளங்கினவுடன எனக்குக் கை ஓடேல்ல. அந்த நேரத்தில வாயில வந்தது தேவாரம் ஒண்டும் இல்லை, மூக்கால மூச்சு உள்ள போகுது வெளிய வருது எண்டதை மட்டும் பாத்தன்.

அது நான் பேராதனைக்குக் கிட்ட ஹிந்தகலையில இருக்கிற தம்மகூட விபாசனா தியான நிலையத்தில படிச்சது. சைவக்காரன் உனக்கென்ன அங்க வேலை எண்டு அம்மா கேட்டவா. பத்து நாள், கதைக்கக்கூடாது, விடிய நாலு மணிக்கு மணி அடிப்பினம். காசு வாங்கிறேல்ல, அதோட ஒரு முறை முழுசா இருந்து முடிச்ச ஆக்களிட்ட மட்டும் தான் நன்கொடை எடுப்பினம், வெளியாள் ஆரும் கொண்டுவந்து குடுத்தா வாங்கமாட்டினம். எங்கட அமைப்புக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தா அடுத்த மாசம் பூட்டோணும், அது வேற கதை. அங்க ஒரு மணித்தியாலம் கை கால் அசைக்காம இருக்கச் சொல்லுவினம். இருபது நிமிசத்தில முழங்கால் எரியும், குந்துற எலும்பு ரெண்டும் தீயா நோகும், எழும்பி ஓடலாம் போல கிடக்கும். எல்லாரும் அந்த நோவில இருந்து விடுதலை எண்டு கதைக்கினம், எனக்கு வந்த யோசினை என்னெண்டா இந்த நோ இல்லாததால தான் எங்கட அண்ணைமாரின்ர தோல் அழுகுது, நோ எண்டது காவல் எல்லோ எண்டு. ஞானம் தேடிப் போன இடத்தில இதைத்தான் யோசிச்சனான். ஆனா அதுக்குப் பிறகு நான் ஆற்றையும் வீட்டில பேச்சுக்கு "எல்லாம் சரியாகும், கடவுள் இருக்கிறார்" எண்டு சொல்லுறதை விட்டிட்டன்.

வன்னியில மதம் எண்டது சுவர் வைச்ச காணி இல்லை. நான் போற வீடுகள்ல சாமித்தட்டைப் பாத்தா விளங்கும். ஒரு மூலையில புளியம்பொக்கணை நாகதம்பிரான் திருநீறு, பக்கத்தில சின்னப் போத்தல்ல மடுமாதா தேவாலயத்து மண். ரெண்டும் பாம்புக்குத் தான். வயல்ல, வரம்பில, மழைகாலத்தில வீட்டுக்குள்ளயும் பாம்பு வாற இடத்தில நாகதம்பிரானும் மடுமாதாவும் ஒரே தட்டில இருக்கிறதில என்ன பிழை இருக்கு, ஆபத்துப் பொதுவா இருக்கேக்க காவலும் பொதுவா இருந்திட்டுப் போகட்டும். ஓகஸ்ட் 15 மடுப் பெருநாளுக்கு எங்கட சைவச் சனம் கட்டுச்சோறோட மரத்துக்குக் கீழ போய்க் கிடக்கிறதும், வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வேதக்காரக் (கிறிஸ்தவ) குடும்பங்கள் நேர்த்தி வைச்சு வாறதும் புதுசில்லை. எங்கட அம்மாவும் என்னை வயித்தில வைச்சு மடுவுக்கு நேர்ந்தவா.

ஆனா நிவாரணத்துக்குள்ள மதம் வந்தா இதே சனம் உசாராகும். யுத்தம் முடிஞ்ச பிறகு சில கிறிஸ்தவ சபைக்காரர் அரிசிப் பையோட வந்து செபக்கூட்டத்துக்கு வரச்சொன்ன கதையள் ஊருக்குள்ள இருக்கு, அதுக்குப் போட்டியா எங்கட சைவ ஆக்கள் சிலர் சாமான் குடுத்திட்டு நெத்தியில திருநீறு பூசி போட்டோ எடுத்ததும் நான் கண்ணால கண்டது. ரெண்டும் எனக்கு ஒண்டு தான். அதால புது வீடொண்டுக்குப் போனா முதல் கேள்வி "தம்பி, நீங்கள் எந்தப் பக்கம்?" எண்டு தான் வரும். நான் கோஸ் பக்கம் எண்டு பகிடியாச் சொல்லிப்போட்டு வேலையத் தொடங்குவன். என்ர சட்டம் ஒண்டே ஒண்டு, நானாக் கும்பிடச் சொல்லமாட்டன், அவை கேட்டா அவையின்ர சாமியை அவையின்ர முறையில கும்பிடுவன். தேவன்பிட்டிப் பக்கத்தில இருந்து கலியாணம் செய்து வந்த ஒரு அக்கா வீட்டில செபமாலை சொல்ல நானும் இருந்து அருள்நிறை மரியே சொல்லுறனான், இப்ப எனக்கு அது பாடம்.

எனக்கு நித்தியம் எண்டா என்னெண்டு வடிவாச் சொல்லித் தந்தது ஒரு முஸ்லிம் நானா, அண்ணையை அவை அப்பிடித்தான் கூப்பிடுவினம். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்து ஆள். 1990 ஒக்டோபரில வடக்கு முஸ்லிம் சனத்தைப் புலியள் வெளியேற்றேக்க சின்னப் பெடியனா உடுத்த உடுப்போட புத்தளம் போன ஆள், சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார். மாசாமாசம் முதல் கிழமை ஒரு பெட்டி கோஸ், ஒரு பெட்டி கையுறை கடையில எடுத்து வைச்சிருப்பார், பேர் எழுதவேண்டாம், ரிசீற் வேண்டாம். நான் ஒருக்கா "நானா, இது ஸக்காத்தோ?" எண்டு கேட்டன், எனக்குத் தெரிஞ்ச சொல் அதுதானே. சிரிச்சார். "ஸக்காத் வேற தம்பி. அது ஒரு வருசம் கையில நிண்ட சேமிப்பில நூத்துக்கு ரெண்டரை, கணக்குப் பாத்துக் குடுக்கிறது, ஆருக்குக் குடுக்கிறதெண்டும் சட்டம் இருக்கு. அது என்ர காசே இல்லை, ஏழையின்ர உரிமை, என்னட்ட இருக்கு அவ்வளவு தான். இது சதக்கா, ஆருக்கும் குடுக்கலாம்." பிறகு நபியவர்கள் சொன்னதெண்டு சொன்னார், அல்லாஹ்வுக்கு ஆகப் பிடிச்ச அமல், அதாவது நற்செயல், கொஞ்சமெண்டாலும் விடாமச் செய்யிறது தானாம்.

அந்த வெளியேற்றத்தைப் பற்றி அவர் என்னோட கதைச்சதில்லை, நானும் கிண்டினதில்லை. ஆனா அந்தப் பெட்டி கோஸ் போற வீடுகள் ஆரின்ர வீடெண்டு அவருக்கு வடிவாத் தெரியும். இதுக்கு மேல நான் என்ன எழுதுறது.

சைவத்தில இது இல்லையோ எண்டு கேட்டா, இருக்கு, நாங்கள் தான் திருவிழாவுக்குள்ள மறந்திட்டம். அப்பர் சுவாமி கையில வைச்சிருந்தது உழவாரம், கோயில் வீதியில புல்லுச் செருக்கிற சாமான், புல்லு திரும்பத் திரும்ப முளைக்கும். வற்றாப்பளைப் பொங்கலைப் பாருங்கோ, சிலாவத்தைக் கடல்ல உப்புத்தண்ணி எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயில்ல அதில விளக்கெரிப்பினம், சனம் கூட்டங்கூட்டமா அந்த அற்புதத்தைப் பாக்க வரும். நானும் போவன், கண்கலங்கிக் கும்பிட்டிருக்கிறன். ஆனா அந்தக் கூட்டத்தில தண்ணிப்பந்தல் போடுற இளைஞரில ஒரு நாலுபேர் மற்ற மாசங்கள்ல ராவில ஒரு வீட்டுக்குப் போய் ஆளைப் பிரட்டிவிட வந்தா எப்பிடி இருக்கும் எண்டு தான் எனக்கு ஓடும். இந்த மண்ணில அப்பிடிச் செய்த ஆக்கள் இருந்தவை. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகச் சனம் வவுனியாப் பக்கம் வந்து நிக்கேக்க காந்தியம் எண்ட அமைப்பை வைச்சு டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் காணி, பயிர், பாலர் பாடசாலை எண்டு நிண்டு செய்தவை. இராஜசுந்தரத்தை 83 ஜூலையில வெலிக்கடைச் சிறைக்குள்ள கொலை செய்தாங்கள். அவை குடியிருத்தின குடும்பங்களின்ர பேரப்பிள்ளையள் இண்டைக்கும் வன்னியில இருக்கினம்.

போன வருசம் ஒரு கோயில் நிர்வாகசபையிட்டப் போய், உபயப் பட்டியலில பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரு "மருந்து உபயம்" போடுங்கோ எண்டு கேட்டன். தலைவர் ஐயா நல்ல மனுசன், "போடலாம் தம்பி, ஆனா உபயகாரருக்குப் பட்டுக் கட்டி மாலை போடுறதெண்டா என்ன பூசையில போடுறது?" எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியா வெள்ளிக்கிழமைப் பூசையில பேர் வாசிக்கிறதெண்டு முடிவாச்சு, ஆறு மாசத்துக்கு ஆள் வந்திருக்கு, மிச்சத்தை அந்த முஸ்லிம் நானாவின்ர பெட்டியில ஓட்டுறம்.

ஆனா பெரிய மாற்றம் வந்தது குடுக்கிற பக்கத்தால இல்லை. அந்த விசுவமடு அண்ணைக்குப் புண் ஆறக் கன மாசம் எடுத்தது. ஆறினாப் பிறகு ஒரு கைக்கண்ணாடியை நீட்டுத்தடியில கட்டித் தன்ர முதுகைத் தானே பாக்கப் பழகினார். இப்ப காலமை ஆறு மணிக்கு போனை எடுத்தா தன்னை மாதிரி இருக்கிற ஆக்கள் ஒவ்வொருத்தருக்கும் அடிச்சு கண்ணாடி பாத்தாச்சோ, கையூண்டி உடம்பைத் தூக்கி அமத்தம் குறைச்சியோ எண்டு விசாரிக்கிறார், சைவம் வேதம் எண்டில்லை, மன்னார்ப் பக்கம் வரைக்கும் ஆக்கள் இருக்கினம். ஒருத்தர் பூசை நேரத்தில எடுக்கிறாய் எண்டு ஏசினவராம். "பூசைய முடிச்சிட்டுக் கண்ணாடியப் பார், நான் லைன்ல நிக்கிறன்" எண்டிருக்கிறார் அண்ணை. ரீலோட் காசு மட்டும் தான் எங்களிட்டக் கேக்கிறார், அதுக்கு எந்தத் தலைப்பில பில் போடுறதெண்டு கணக்குப்பிள்ளையோட எனக்கு மாசாமாசம் வாக்குவாதம்.