கெருபினியின் ஒற்றை அடி

நவம்பர் 5, பாரிஸ்

இந்த முறை எங்கள் பாடகர் குழு எடுத்திருப்பது பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர் கெருபினியின் சி மைனர் ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான திருப்பலி இசை. மொசார்ட் என்றால் டிக்கெட் தானாகப் போய்விடும். இதற்கு நாங்கள்தான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினில் தலை போன மன்னர் பதினாறாம் லூயிக்காக 1816இல் எழுதியது. 1817 ஜனவரி 21, மன்னரின் நினைவு நாளன்று, பிரெஞ்சு மன்னர்களை அடக்கம் செய்யும் சென்-தெனி பேராலயத்தில் முதலில் பாடினார்கள். பெத்தோவனுக்கு இதன்மேல் பெரிய மரியாதை. 1827இல் அவர் இறந்தபோது வியன்னாவில் அவருக்காகவும் இதைப் பாடியிருக்கிறார்கள்.

இதில் தனிப்பாடகரே கிடையாது, முழுக்கக் கோரஸ்தான், எல்லாரும் சேர்ந்து பாடுவது. போஸ்டரில் போட ஒரு நட்சத்திரப் பெயர் இல்லை. மறக்கப்பட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

டிசம்பர் 13

மெட்ரோ 13ஆம் தடத்தில் சென்-தெனி போய்வந்தேன். லூயியும் அவர் ராணி மரி அந்துவானெத்தும் மண்டியிட்டுக் கும்பிடும் பளிங்குச் சிலைகள் மேலே. நிலவறையில் கறுப்புக் கல் மூடிய கல்லறைகள். 1815இல்தான் எலும்புகளை இங்கே கொண்டுவந்தார்கள். குளிர் தாங்கவில்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 17

ஒத்திகை இடைவேளையில் ஒரு சண்டை. கெருபினிக்கு டி மைனரில் இன்னொரு ரெக்வியம் உண்டு, 1836இல் எழுதியது, ஆண் குரல்களுக்கு மட்டும். 1834இல் இசையமைப்பாளர் புவால்தியூவின் இறுதிச் சடங்கில் இந்த சி மைனரைப் பாடப் போக, கோயிலில் பெண்கள் பாடக்கூடாது என்று பாரிஸ் பேராயர் தடுத்துவிட்டார். கிழவர் கெருபினி தன் சாவுக்கென்று பெண் குரலே இல்லாமல் ஒன்றை எழுதிவைத்துக்கொண்டார். 1842இல் அதையே பாடி அடக்கம் செய்தார்கள். எங்கள் டெனார்களுக்கு, உச்ச ஆண் குரல்காரர்களுக்கு, அதுதான் உசத்தியாம். தாழ்ந்த பெண் குரல்களான எங்கள் ஆல்ட்டோ வரிசையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜனவரி 17

ஆர்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை. தொடக்கத்தில் வயலின்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வயோலா, செல்லோ, பஸூன் எல்லாம் அடித்தொண்டையில் முனகுகின்றன. புல்லாங்குழல் கடைசிவரை இல்லவே இல்லை. அப்புறம் 'தியெஸ் ஈரே', இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பாட்டு, வருகிறது. பித்தளை வாத்தியங்கள் முழங்கியதும் தாம்-தாமில், அந்தப் பெரிய வெண்கலத் தட்டில், ஒரே ஒரு அடி. எங்கள் ஊர்ச் சாவு வீட்டுச் சேகண்டி போல வயிற்றில் இறங்கியது.

அந்தத் தாம்-தாம் 1791இல் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்தில் இசையமைப்பாளர் கோசெக்கின் இசையோடு ஒலித்தது. புரட்சியின் சாவு மணி என்றே சொல்லலாம். கெருபினியும் 1797இல் குடியரசின் தளபதி ஓஷுக்கு இரங்கல் இசை எழுதியவர்தான். புரட்சி கொன்ற மன்னருக்குத் திருப்பலி என்று வந்ததும் அதே வாத்தியத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வேண்டுமென்றே செய்தாரா? எனக்கென்னவோ, அன்று சென்-தெனியில் வயதானவர்களில் சிலருக்காவது பழைய ஊர்வலங்கள் ஞாபகம் வந்திருக்கும்.

ஜனவரி 18

கச்சேரி முடிந்தது. முக்கால்வாசி இருக்கை நிரம்பியது, பரவாயில்லை. குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடும் ஃபியூக்கில் உச்சப் பெண் குரல்களான சோப்ரானோக்கள் கொஞ்சம் ஓடினார்கள், நடத்துநர் இழுத்துப் பிடித்தார். கடைசிப் பகுதியான 'ஆக்னுஸ் தேயி'யின் முடிவில் குரல்கள் ஒரே சுரத்தில் நின்று தேய்ந்துகொண்டே போகும். அந்த இடத்தை வானளாவப் புகழ்ந்தவர் இசையமைப்பாளர் பெர்லியோஸ். கன்செர்வத்வார் என்ற பாரிஸ் இசைக் கல்லூரியின் நூலகத்தில் கெருபினி தன்னை மேசையைச் சுற்றித் துரத்தியதாக எழுதிவைத்த அதே பெர்லியோஸ்! இன்று அந்த இடம் எங்களுக்கு நன்றாகவே வந்தது.

வெளியே வந்ததும் ஒரு டெனார் அந்த டி மைனர் சிடியை என் கையில் திணித்தார். சரி, கேட்டுத் தொலைக்கிறேன்.