லேப்டாப்ல ஓடுற க்ளஸ்டரும் நானும்

க்ளவுட் பில் எகிறின மாசத்துலேந்து டெஸ்டிங் எல்லாம் அவங்கவங்க லேப்டாப்லயே பண்ணிக்கோங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. டெஸ்டிங்குக்கு வேண்டியது குபெர்நெட்டிஸ், அதாவது ஆப்பை பல மெஷின்ல பிரிச்சு ஓட்டுற சாஃப்ட்வேர்; அந்த ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு, எல்லாம் சேர்ந்தா க்ளஸ்டர். நிஜ மெஷினுக்குப் பதிலா டாக்கர் கன்டெய்னரையே (ஆப்பை தனி டப்பால போட்டு ஓட்டுற மாதிரி) ஒரு நோடு மாதிரி ஓட்டுற கைண்ட்ங்கிற டூலை எடுத்துக்கிட்டோம், ஒரே கமாண்ட், கொஞ்ச நேரத்துல க்ளஸ்டர் ரெடி, முத நாள் எல்லாருக்கும் ஒரே குஷி.

எனக்கு அது மறுநாள் மத்தியானம் வரைக்கும்கூட தாங்கல. கன்டெய்னர் ஓடத் தேவையான பேக்கேஜை, அதான் இமேஜை, பில்டு பண்ணி டெப்ளாய் பண்ணா, இமேஜை எடுக்க முடியலன்னு இமேஜ்புல்பேக்ஆஃப்ல நிக்குது, டாக்கர் இமேஜஸ் அடிச்சா அதே இமேஜ் கண்ணு முன்னாடி இருக்கு! அப்புறம்தான் உறைச்சுது, நோடுன்னு ஓடுற கன்டெய்னருக்குள்ள கன்டெய்னரை ஓட்டுற கன்டெய்னர்டின்னு தனியா ஒண்ணு இருக்கு, லேப்டாப் டாக்கர்ல இருக்கறது அதுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல மாவு இருந்தா நம்ம வீட்டுல தோசை வருமா. சரின்னு கைண்ட் லோட் போட்டு உள்ள தள்ளினேன், அப்பவும் அதே எர்ரர். இமேஜோட வெர்ஷன் பேரு, அதான் டேக், லேட்டஸ்ட்னு இருந்தா, நாம எதுவும் சொல்லாத வரைக்கும், குபெர்நெட்டிஸ் ஒவ்வொரு தடவையும் இமேஜை எல்லாம் சேத்து வைக்கிற ரெஜிஸ்ட்ரி சர்வரைத்தான் போய் கேக்குமாம். டேகை 1.0.1னு மாத்தினேன், ஓடிருச்சு. அரை நாள் காலி.

ஆனா என்னைய உண்மையிலேயே அழ வச்சது ரெண்டாவது க்ளஸ்டர்தான். முதல்ல இருந்தது நல்லா ஓடிட்டிருக்கு, பக்கத்துல மூணு நோடுல இன்னொன்னு போட்டேன், அதுல நெட்வொர்க்கைப் பாத்துக்கற கியூப்ப்ராக்ஸி க்ராஷ் ஆகி ஆகி எந்திரிக்குது. லாக்ல "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்". எத்தனை ஃபைல் திறக்கலாம்ங்கிற யுலிமிட்டை ஏத்தினேன், ஒண்ணும் ஆகல, டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணேன், யாமல் கான்ஃபிக் ஃபைலை நாலு தடவை படிச்சேன், நைட்டு பதினொண்ணு ஆயிருச்சு. கடைசில பாத்தா திறந்த ஃபைல் எண்ணிக்கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தீர்ந்துபோனது ஐநோட்டிஃபை, ஃபைல் மாறுதான்னு கவனிச்சு சொல்ற லினக்ஸ் வசதி. எத்தனை நோடு போட்டாலும் கீழ இருக்கறது ஒரே லினக்ஸ் கெர்னல்தானே, என் உபுண்டுல ஒரு யூசருக்கு 128 ஐநோட்டிஃபை இன்ஸ்டன்ஸ்தான், எல்லா நோடும் ரூட் பேர்ல அதுலேந்தே எடுத்துக்குது. கெர்னல் செட்டிங்கை மாத்துற சிஸ்கன்ட்ரோல்ல 512 ஆக்கினதும் அடுத்த ரீஸ்டார்ட்லயே பச்சை. அந்த எர்ரர் மெசேஜ் எழுதின மகராசன் யாரோ, "ஃபைல்"னு ஒரு வார்த்தைய போட்டு என் தூக்கத்தைக் கெடுத்துட்டான்.

கைண்டுக்குப் பதிலா கே3டி, அதாவது கே3எஸ்ங்கிற சின்ன குபெர்நெட்டிஸை டாக்கர்ல ஓட்டுற டூலை, யூஸ் பண்ற ஃப்ரெண்டுக்கு வேற கதை. டிஸ்க் ஏறக்குறைய ஃபுல் அவனுக்கு, பாட் எல்லாம், அதான் கன்டெய்னர் ஓடுற யூனிட்டெல்லாம், எவிக்டட், வெளிய தள்ளிருச்சு. அதே லேப்டாப்ல கைண்ட் போட்டா ஓடுது, கைண்ட் நல்லது கே3டி மோசம்னு ஒரே சண்டை. விஷயம் என்னன்னா கைண்ட் டிஸ்க்கைப் பாத்து எவிக்ட் பண்றதையே ஆஃப் பண்ணி வச்சிருக்கு, கே3எஸ்ஸோ, டிஸ்க்ல காலி இடம் 5 சதவீதத்துக்குக் கீழ போனா பாட்டை வெளிய தள்ளுது. பழைய இமேஜ தூக்கிப் போட்டதும் சண்டை முடிஞ்சுது.

நேத்து கைண்ட் கெட் க்ளஸ்டர்ஸ் அடிச்சு பாத்தேன். நாலு காட்டுது. அதுல "டெஸ்ட்2" எதுக்கு போட்டேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல, டெலீட் பண்ணவும் கை வரல.