எஞ்சினுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே கிளம்பி, மலைக் கணவாயைத் தாண்டி இறங்கினால் பேக்கர்ஸ்ஃபீல்ட். எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள், பாதாம் தோப்புகள், அதைவிட்டால் தட்டை நிலம். 99ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் ஃபமோஸோ வந்துவிடும். பழைய விமான ஓடுதளம்தான் இப்போது டிராக் பந்தயத் தடம், அதாவது நேர்கோட்டில் சீறிப் பாயும் கார் பந்தயத்துக்கான தடம். 1959இல் தொடங்கிய மார்ச் மீட் பந்தயத்துக்காக நண்பனோடு போயிருந்தேன்.

எனக்கு வேண்டியது ஸ்லிங்ஷாட் வண்டிகள். நீண்ட ஒல்லி உடம்பு, முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு, பின்னால் பெரிய டயர்கள், எஞ்சினுக்குப் பின்னே ஆள். பந்தயமே கால் மைல், 402 மீட்டர்தான். கிளம்பும்போது பின் டயர் வழுக்கினால் கதை முடிந்தது. அதனால் எஞ்சினையும் ஆளையும் முடிந்தவரை பின்னே தள்ளி, எடையை அந்த டயர்களின் மேல் ஏற்றினார்கள்.

வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்துக்குள் யாரும் போகலாம். ஒன்றில் எட்டிப் பார்த்தேன். சீட் என்று சொல்வதே அதிகம், வளைத்த தகரக் குழி. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஓட்டுநரின் இரண்டு கால்களுக்கும் நடுவில், கிளட்ச் பாதங்களுக்கு அருகில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் முகத்துக்கு நேரே. எது உடைந்தாலும் முதலில் அவருக்குத்தான்.

1970 மார்ச்சில் டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸுக்கு அதுதான் நடந்தது. கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் கிளம்பிய நொடியில் கியர்பெட்டி வெடித்து, வண்டி இரண்டு துண்டானது; வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மனிதர் ஓயவில்லை. எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துப் புது வண்டி கட்டி, 1971இல் பொமோனாவில் ஜெயித்தார். சில வருடங்களில் மற்றவர்களும் மாறிவிட்டார்கள்.

இருந்தும் இங்கே பழைய பாணியிலேயே கட்டி ஓட்டுகிறார்கள். ஓட்டுநரைக் காக்கும் கூண்டும் தீயணைப்பு ஏற்பாடும் இப்போது எவ்வளவோ மேல். ஆனால் உட்காரும் இடம் அதேதான். பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன், ஒன்றை ஸ்டார்ட் செய்யும் வரை. அது குடிக்கும் நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கும் எரிபொருள்; அதே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிக்கலாம். அதன் புகை பட்டதும் கண்ணில் நீர் கொட்டுகிறது, மூக்கு எரிகிறது, சத்தம் நெஞ்செலும்பில் இடிக்கிறது. அப்புறம் நானும் நகரவில்லை.

போகிறவர்கள் காதடைப்பானும் தொப்பியும் மறக்காதீர்கள். முடிவுக் கோட்டுப் பக்கம் வேண்டாம், கிளம்பும் இடத்துக்கு அருகில் உட்காருங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், டயரிலிருந்து பறக்கும் ரப்பர் தூள் லேசில் போகாது.