தண்ணீரை மிச்சப்படுத்தியவருக்கு என்ன விலை?

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் விளைவிக்கச் சொல்கிறோம். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மடையைத் திறக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் மிச்சம், தேங்கிய வயலிலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். அருமையான முறை, சந்தேகமே இல்லை.

ஆனால் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்மணியின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல். டெல்டாவில் குறுவை அறுவடை முடிவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. சாலையோரம் நெல்லைக் கொட்டி, மேகம் கூடினால் தார்ப்பாயால் மூடி, வெயில் வந்தால் காலால் கிளறிக்கொண்டு நிற்பவரிடம் மீத்தேனைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது? எப்படி விளைவித்தாலும் குறைந்தபட்ச ஆதார விலை ஒன்றுதான். கொள்முதல் நிலையம்தோறும் உலர்த்தும் இயந்திரம் வையுங்கள். தண்ணீரைச் சேமித்தவருக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுங்கள்.